ரெகுலேட்டருக்கு ஆயுத பூஜை

வல்லம் வடகால்,
அக்டோபர் 1991

தூத்துக்குடியில் கப்பலுக்கு அடியில் முழுகி வேலை பார்க்கும் மாப்பிள்ளை புருஷோத்தமன் அவர்களுக்கு மாமனார் நாகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் சின்னப்பொண்ணுவும் பூஜைக்குப் பிறந்த வீடு வந்திருக்கும் ரஞ்சனியும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் தைரியம் எனக்குக் கடைசி வரியில்தான் வரும்.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் உங்கள் ரெகுலேட்டரைச் சென்னையில் சர்வீஸ் செய்து வாங்கிவந்து, ரஞ்சனி திரும்பும்போது கொண்டுவரட்டும் என்று எங்கள் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனீர்கள் அல்லவா? போகும்போது, "மாமா, இதுக்குள்ள தண்ணி மட்டும் பூந்துடக் கூடாது" என்றீர்கள். "கடலுக்குள்ள எடுத்துகினு போற சாமானுக்குத் தண்ணி ஆவாதா?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாப்பிள்ளை, போல்ட் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் எல்லா மிஷினையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் ரிட்டையர் ஆகிவிட்டேன். பூஜைக்கு வைக்க வீட்டில் ஓர் அரிவாள்மனையும் பழைய சைக்கிளும்தான் இருந்தன, மனசு ரொம்பவே சோர்ந்துபோனது, அப்போது ஆணியில் உங்கள் ரெகுலேட்டர் தெரிந்தது, சம்பாதிக்கிற பிள்ளையின் ஆயுதம் இருக்க அரிவாள்மனைக்கா பூஜை என்று எடுத்து அண்டாவில் போட்டேன், பித்தளை முனையாச்சே என்று புளி போட்டுத் தேய்த்தேன், முனையில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி உள்ளேயும் அலம்பினேன், வாயில் கவ்வுகிற பக்கம் ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கினால் குமிழி வந்தது, அழுக்கு போகிறது என்று குமிழி நிற்கும்வரை அமுக்கினேன். பிறகு சந்தனம், குங்குமம்.

ரஞ்சனி வந்து பார்த்து அலறிவிட்டாள். "இன்னா வேல பண்ணிக்கீறே நைனா! அந்த மூடியே தண்ணி போவாம இருக்கத்தான். உள்ள துரு புடிச்சா அவரு கடலுக்கு அடியில எத்த வச்சி மூச்சு உடுவாரு?"

அதை அப்படியே தூக்கிக்கொண்டேன். சைக்கிள் கடை நடேசனிடம் ஓடினேன். அவன் காற்றடிக்கிற பம்பை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினான், குங்குமம் முழுக்க அவன் மூஞ்சியில் அடித்தது, தெருவில் போன பெண்கள் சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டார்கள், ஆனால் தண்ணீர் முழுக்க வரவில்லை. கடைசியில் ரஞ்சனி சொன்ன மெக்கானிக் முனிரத்தினத்தைத் தேடிச் சென்னைக்கே போனேன். அவர் முழுதும் பிரித்துத் துடைத்து உலர்த்திப் பூட்டி, மூடியை இறுக்கி, "பெரியவரே, இனிமே நீங்க பாக்கிறதுகூடத் தூரத்துல இருந்து பாருங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. இந்தக் கடிதத்தோடு நாளைக்கு ரஞ்சனி கொண்டுவருகிறாள். தயங்காமல் மாட்டிக்கொண்டு இறங்கலாம். உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று தூக்கமே இல்லை மாப்பிள்ளை, மன்னித்துவிடுங்கள். நீங்கள் இறங்குகிற ஆழத்தைவிட உங்கள் ஆயுசு நீளமாக இருக்கட்டும். சுகமா?

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
நாகப்பன்

பி.கு.: ரெகுலேட்டர் நாளைக்கு வராது. உறையை ஒட்டப் போகும்போது பார்க்கிறேன், உங்கள் மாமியார் அந்த மூடியைத் திறந்து பெருமாள் கோயில் தீர்த்தத்தை ஒரு கரண்டி உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறாள். கத்தினேன். "புள்ள தனியா அவ்ளோ ஆழம் போவுது. கூட சாமி இருக்கட்டும்னு உட்டேன்" என்கிறாள். மறுபடி முனிரத்தினத்திடம் போகிறேன். அதுவரை நீங்கள் கடலில் இறங்க முடியாது என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, மாப்பிள்ளை, என்னால் அவளைத் திட்ட முடியவில்லை.