மொட்டைமாடிச் சட்டம்

நான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஊரில் அந்தச் சட்டம் வராது என்று வணிகர் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னேன். மேசை ஆடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதே சூட்டோடு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன்.

"சரி, கையக் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காருங்க" என்றாள்.

நான் ஏசி மெக்கானிக். கடைத்தெருவில் சொந்தக் கடை, மேலேயே வீடு. வெளியில் நான் ஏசி பார்க்கிறவன். வீட்டில் அவள் ஏசிப் பார்க்கிறவள். இருபது வருடமாகத் தொழில் இப்படித்தான் ஓடுகிறது.

சட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது இரும்புச் சட்டம் ஒன்றுதான். அதைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கி, அதன்மேல் ஏசியின் வெளிப்பெட்டியை உட்கார வைப்போம். உள்ளே இருக்கும் பெட்டி கடையைக் குளிர வைக்கும். வெளியே இருக்கும் பெட்டி அந்தச் சூட்டையெல்லாம் வெளியே ஊதும். எங்கள் தெருவில் எல்லாக் கடைகளின் வெளிப்பெட்டியும் பின்பக்கம் இருக்கும் குறுகலான சந்துப் பக்கம்தான் ஊதும். பாதிக்கு மேல் நான் மாட்டியவை. சந்தின் எதிர்ப்பக்கம் வீடுகள்.

வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. போன கோடையில் சந்தில் குடியிருக்கும் தையல்காரம்மா, தைத்துக்கொண்டிருந்த மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். நான் போய்ப் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காகத் தொழிலை விட முடியுமா?

நகராட்சி ஒரு புது வழி கண்டுபிடித்தது. காலநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஜனமே உட்கார்ந்து பேசி முடிவு சொல்லட்டும், அதைச் சட்டமாக்குகிறோம் என்று மக்கள் சபை ஒன்றை வைத்தது. முதலில் பேச எடுத்துக்கொண்டது எங்கள் சந்து. வெளிப்பெட்டிகள் எல்லாம் மொட்டைமாடிக்குப் போக வேண்டும், செலவு கடைக்காரர்களுடையது என்று ஒரு வரைவும் தயார். சபைக்கு வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் போட்டு ஆள் எடுத்தார்கள். என் மனைவி பெயர் வந்தது. குலுக்கியது அவர்கள். ஆடிப்போனது நான்.

ஆனால் சங்கத் தலைவரான நகைக்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க வீட்டம்மாதானே உள்ள இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

"போதும்" என்றேன். குடும்பஸ்தன் இப்படி யோசிக்காமல் பதில் சொல்லக் கூடாது.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசைதான் சபை. நான் கேட்பேன், அவள் சங்கம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

"பெட்டிய மாடிக்கு ஏத்துனா என்ன ஆகும்?"

"சுவர் தாங்காது. பைப் நீளமாயிடும். குளிர் வராது" என்று ஒப்பித்தாள்.

"ஆக மொத்தம்?"

"முடியாது."

"அதேதான். சபையில யார் என்ன கேட்டாலும் இந்த ஒரு வார்த்தைய விட்டுடாத."

"சரிங்க. ஆனா வேற யாராவது முடியும்னு சொல்லிட்டா?"

"எவன் சொல்லுவான்?"

"எதிர்த்தெரு மெக்கானிக் சொல்லுவாராமே."

"அவனா? அவன் பத்த வச்ச பைப்ப நீ பாத்திருக்கியா? சல்லடை கூட அதவிடக் கெட்டியா இருக்கும். இந்த வேலையெல்லாம் அவன் கனவுல கூடச் செய்ய முடியாது. அதுக்கெல்லாம் கை வேணும்."

"யார் கை?"

"இந்தக் கைதான்."

அப்படியே பேச்சு நீண்டுவிட்டது. பைப்பை எப்படி வளைக்க வேண்டும், நீளம் கூடினால் கேஸ் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தொழில் ரகசியமெல்லாம் சொன்னேன். அவள் மோவாயில் கை வைத்து அசையாமல் கேட்டாள். கல்யாணமான பிறகு என் பேச்சை அவள் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

சபை பள்ளிக்கூட ஹாலில் கூடியது. உறுப்பினர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிரைவர், நர்ஸ், காலேஜ் பெண், ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், நடுவில் என் மனைவி. முதலில் தையல்காரம்மா பேசினார்.

"சன்னல மூடுனா வேகுது. தொறந்தா பொசுங்குது. நீங்க குளிரா இருக்க வேண்டாம்னு நான் சொல்லல. உங்க சூட்ட என் வீட்டுக்குள்ள போடாதீங்கன்னு மட்டும்தான் கேக்கறேன். ரெண்டு வருஷமா இதக் கேக்கறேன். இனிமேலும் கேப்பேன்."

குரலை உயர்த்தவில்லை. அடுத்து ஒரு சின்ன பேக்கரிக்காரர் எழுந்து, மொத்தச் செலவையும் எங்கள் தலையில் கட்டினால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். அதையும் உறுப்பினர்கள் மறுக்கவில்லை. பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் ஒரே சுமையா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. டிரைவரும் நர்ஸும் முட்டிக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டர் இரண்டு முறை கட்சி மாறினார். இதற்கு நடுவில் சங்கத்தின் சார்பில் நிபுணராக என்னைக் கூப்பிட்டார்கள்.

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். சுவர், பைப், குளிர் மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். "ஆக மொத்தம், முடியாது" என்று முடித்தேன். நகைக்கடைக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

என் மனைவி கையைத் தூக்கினாள்.

"மெக்கானிக் ஐயாவ ஒண்ணு கேக்கலாமா?"

ஐயா என்றதும் எனக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"முடியாதுன்னா, யாராலயுமே முடியாதா, இல்ல உங்களால முடியாதா?"

"யாராலயுமே."

"எதிர்த்தெரு மெக்கானிக், தன்னால முடியும்னு எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கார். அப்ப இந்த ஊர்ல அவருக்கு மட்டும்தான் இந்த வேலை தெரியும்னு குறிச்சுக்கலாமா?"

என் வாயை மூட வேண்டிய இடம் அது. மூளைக்கு அது தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை.

"அவனுக்கா? அவனுக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான். இந்த ஊர்ல எந்தப் பெட்டியையும் எந்த மாடிக்கும் நான் ஏத்துவேன். சுவருக்குப் பாரமே வராம ஏத்துவேன்."

"பைப் நீளமாகுமே. குளிர் வராதுன்னீங்களே."

"தொழில் தெரியாதவன் பண்ணா வராது. பைப்புக்கு நல்லா உறை போட்டு, கேஸ சரியா கூட்டுனா ஏன் வராது? ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்தச் சந்துல மெஷினுங்க ஒண்ணு விடற அனல இன்னொண்ணு இழுத்துக்கிட்டு மூச்சுத் திணறி நிக்குது. காத்தோட்டமான மாடியில, மேல ஒரு நிழல் தகடும் போட்டு வச்சுப் பாருங்க. கரண்டே குறையும்."

"கரண்டும் குறையுமா?"

"நான் சொல்றேன்ல, குறையும்."

"ரொம்ப நன்றிங்க ஐயா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். நகைக்கடைக்காரரின் கட்டைவிரலைத் தேடினேன். அது அவர் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது. நான் கொண்டுவந்த வாதமெல்லாம் முடக்குவாதமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகும் மாலைவரை பேசினார்கள். சின்னக் கடைகளுக்குப் பாதிச் செலவு நகராட்சி தர வேண்டும், அடுத்த கோடைக்குள் வேலை முடிய வேண்டும், காலியாகும் சந்துச் சுவரோரம் மரம் வைக்க வேண்டும் என்று வரைவையே திருத்தினார்கள். பாதிச் செலவு என் மனைவி கேட்டு வாங்கியது. பேக்கரிக்காரர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது என்று தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டேன். வாக்கெடுப்பில் சட்டம் சுலபமாக நிறைவேறியது.

வீடு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றேன்.

"நீ எனக்குத் துரோகம் பண்ணிட்ட."

"நான் என்னங்க பண்ணேன்? கேள்விதானே கேட்டேன். தெரிஞ்சத நீங்கதானே சொன்னீங்க."

"உன்ன நான் முடியாதுன்னு சொல்லச் சொன்னேன்."

"என் புருஷனால ஒரு வேலை முடியாதுன்னு நாலு பேர் முன்னாடி என் வாயால எப்படிங்க சொல்லுவேன்?"

உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன். ஆனாலும் பணியவில்லை.

"சட்டம் வரட்டும். நம்ம பெட்டி சந்துலதான் இருக்கும். ஒரு போல்ட்டக் கூடக் கழட்ட மாட்டேன். ஜெயில்ல போட்டாலும் சரி."

"அங்க ஏசி இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுவாரம் நகராட்சியிலிருந்து ஆள் வந்தார். சட்டத்தை அமல்படுத்தத் தொழில் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் வேண்டுமாம். சபை ஒருமனதாக என் பெயரைச் சொல்லியிருக்கிறதாம். முன்மொழிந்தது யார் என்று நான் கேட்கவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் திடீரென்று நின்றிருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. உள்ளே புகுந்து விடலாம். ஒவ்வொரு கடைக்கும் அவகாசத்தின் மேல் அவகாசமாகக் கொடுத்து, சட்டத்தை உள்ளிருந்தே ஊறப்போட்டு அழுகவிடலாம். நகைக்கடைக்காரரிடம் போய்க் காதில் சொன்னேன். இத்தனை நாளும் முகம் திருப்பிக்கொண்டு போனவர் என்னைக் கட்டிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திப் போய்ப் பதவியேற்றேன். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டது என் மனைவிதான்.

முதல் நாள் அலுவலகத்தில் சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். மேற்பார்வையாளரின் சொந்தக் கட்டடத்தில்தான் வேலை தொடங்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பிரிவு இருந்தது. அதை யார் சேர்த்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. கூடவே வந்திருந்த அவள் சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நோட்டீஸை எனக்கு நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்று எனக்கே மனுக் கொடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள், நான் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.