கொடியெழுத்துப் பிரியர்

கொடியெழுத்துப் பிரியர் என்றொரு பிறவி உண்டு. உங்கள் கட்டடத்தில் இல்லாவிட்டால் உங்கள் அலுவலகத்தில் இருப்பார். கம்ப்யூட்டரில் நூறு எழுத்துரு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: கையால் எழுதியதுபோல, தலைமுடி கனத்தில், ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு, ணகரத்துக்கு எத்தனை சுழி என்று அதற்கே மறந்துபோய், கொம்பு எங்கோ கிளம்பி எங்கோ போய்ச் சேர்ந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் குமிழ் மிதக்கிற எழுத்து. கல்யாணப் பத்திரிகைக்கும் அத்தர் புட்டிக்கும் அளவெடுத்துத் தைத்தது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘நாய் கடிக்கும்’ என்று அதில் எழுதிவைத்தால் நாயைக் கொஞ்சத் தோன்றுமா, தோன்றாதா?

எங்கள் குடியிருப்புச் செயலாளர் அந்தப் பிறவி. இன்று தண்ணீர் வராது, குப்பையை இங்கே கொட்டாதீர்கள், மின்சாரப் பெட்டியைத் தொடாதீர்கள் என்று எல்லாமே இளஞ்சிவப்புத் தாளில் கொடியாகப் படரும். படிக்கத்தான் முடியாது. அதை அவரிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

“பிரமாதம் சார்” என்போம்.

“சாதா எழுத்துல போட்டா அதட்டற மாதிரி இருக்கு சார். இதுல மென்மையா சொல்றோம் பாருங்க” என்று குழைவார்.

போன வாரம் லிஃப்ட் மக்கர் செய்தது. “யாரும் ஏற வேண்டாம், நடுவுல நின்னுடும்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் உதிரிபாகம் வாங்கப் போனார். செயலாளர் மாடிக்கு மாடி அறிவிப்பு ஒட்டினார். கொடி, குமிழ், ஓரத்தில் இரண்டு பட்டாம்பூச்சி. ஒட்டி முடித்துக் கீழே வந்து நிமிர்வதற்குள், வலி கண்ட நிறைமாத மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவர் மனைவியே லிஃப்டில் ஏறிவிட்டார். அது சொன்னபடி நடுவில் நின்றது.

செயலாளர் படியேறி ஓடினார். கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார்.

“கதவுல ஒட்டியிருந்தேனே, படிக்கலையா?”

“படிக்கறதா? பொண்ணுக்கு ஏதோ வாழ்த்து எழுதியிருக்கீங்கன்னு போட்டோ எடுத்துட்டுல்ல ஏறினேன்!”

“அப்பா, தாங்கலப்பா…”

அந்தக் குரலைக் கேட்டு நாங்களும் படியேறி ஓடினோம். நல்லவேளை, மெக்கானிக் வந்தார், கதவை நெம்பினார், பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினோம். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த கையோடு பிரசவம். தாயும் சேயும் நலம்.

மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாளே தாத்தாவான செய்தியை வாசலில் ஒட்டிவிட்டார். அதே கொடி, இன்னும் மெல்லிசாக. பேரனா பேத்தியா என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. “பிரமாதம் சார்” என்று வரிசையில் நின்று கை குலுக்கினோம். நானுந்தான்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நேற்று உங்கள் போனுக்கு ஓர் அழைப்பிதழ் வந்ததே, ‘சூப்பர்’ என்று உடனே பதில் போட்டீர்களே. என்றைக்கு விசேஷம், சொல்லுங்கள் பார்ப்போம்?