வீட்டுக்கு ஒரு ஃபார்ம்

காசிலிங்கத்தின் கையில் இருந்த இன்சூரன்ஸ் ஃபார்மில் இரண்டு கட்டங்கள். ஒன்றில்தான் டிக் போடலாம். அதையும் அன்று மாலை ஐந்து மணிக்குள் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பிளான் ஏ என்றால் ஊழியர், மனைவி, பிள்ளைகள், கூடவே ஊழியரின் பெற்றோர். பிளான் பி என்றால் அதே குடும்பம், பெற்றோருக்குப் பதில் மாமனார், மாமியார். இரண்டு பக்கமும் அப்பாக்கள் விவரமாக முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அம்மா அமராவதியும் மாமியார் அம்சவல்லியும். அம்மாவுக்கு முட்டி தேய்ந்து ஆபரேஷன் வரை வந்திருந்தது. மாமியாருக்குப் பித்தப்பையில் கல். அவருக்கும் ஆபரேஷன்தான்.

மரக்காணத்து உப்பு கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன் காசிலிங்கம். லாரி கேட்டுக்குள் திரும்பும்போதே டயரைப் பார்த்து எத்தனை டன் உப்பு என்று சொல்லிவிடுவான். அம்மாவையும் மாமியாரையும் ஏற்றிப் பார்க்கும் தராசு மட்டும் அவனிடம் இல்லை.

இன்னொரு ஃபார்ம் கிடைக்குமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. ரேஷன் கார்டு வீட்டுக்கு ஒன்று. புயல் நிவாரணம் வீட்டுக்கு ஒன்று. மனைவி வைஜெயந்தியும் அதே கம்பெனியில் உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில்தான் வேலை. இருந்தும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்கூட வீட்டுக்கு ஒன்றுதான் வந்தது. ஃபார்ம் மட்டும் ரெண்டா வரும்? எதையும் கேட்காமலே தெரிந்துகொள்வது அவன் வழக்கம்.

முடிவெடுப்பதற்கென்றே அன்று லீவு போட்டிருந்தான். யாருக்கு வலி அதிகமோ அவர் பெயர் என்று ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்துவிட்டான்.

“அம்மா, முட்டி எப்படி இருக்குது?”

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அமராவதி நிமிர்ந்தாள். “ஏன்டா கேக்கிற? டாக்டர் உன்னாண்ட தனியா ஏதாவது சொன்னாரா?”

“இல்லம்மா, சும்மாதான்.”

“நாலு வருஷமா கேக்காதவன் இன்னிக்கு சும்மா கேக்கிறியா? எத்தினி நாள் குடுத்திருக்காரு, அதைச் சொல்லு.”

பயந்துபோய் இன்சூரன்ஸ் விஷயத்தைச் சொன்னான். அது அதைவிட மோசமாகிவிட்டது.

“பெத்தவ படுத்துக்குவான்னு முன்னாடியே எழுதிக் குடுக்கப் போறியா? நல்லா இருக்குதுடா! சம்பந்தியம்மா பேரை எழுது. அவங்க படுக்கட்டும்.”

வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்து கிளியனூரில் இருந்த மாமியாருக்குப் போன் போட்டான்.

“அத்தை, இன்சூரன்ஸ்ல உங்க பேரை எழுதலாம்னு பார்க்கிறேன்.”

“எனக்கு எதுக்கு மாப்ள? நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.”

அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “அம்மாதான் உங்க பேரை எழுதச் சொன்னாங்க” என்றான்.

“ஓ… சம்பந்தி என்னைச் சீக்காளின்னு சொல்லிட்டாங்களா? இருங்க, வர்றேன்.”

பன்னிரண்டு மணிக்கு அம்சவல்லி வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே, “குடம் எங்க சம்பந்தி?” என்றாள். நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் இரண்டு நடை நடந்து காட்டினாள். “சீக்காளி செய்யிற வேலையா இது?”

“தண்ணி தூக்குறது ஒரு வேலையா? இங்க பாருங்க” என்று அமராவதி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தது சரி. எழுந்திருக்க முட்டி சம்மதிக்கவில்லை. கைகொடுத்துத் தூக்கக் குனிந்த அம்சவல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே சாய்ந்தாள்.

போட்டி சமனில் முடிந்தது. காசிலிங்கம் இரண்டு பாய் விரித்தான்.

“டேய் காசி, பாவம்டா அவங்க. அவங்க பேரையே எழுது” என்றாள் அமராவதி. இந்த முறை குரலில் குத்தல் இல்லை.

“வேணாம் மாப்ள. சம்பந்தியால எழுந்துக்கவே முடியல. அவங்களை எழுதுங்க.”

சண்டை போட்டபோதே தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வைஜெயந்தி வந்தாள். வளையலில் இன்னும் உப்பு. பாயில் கிடந்த இருவருக்கும் வெந்நீர் கொடுத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

“என்னங்க, யாரை எழுதப்போறீங்க?”

“நீயே சொல்லேன்.”

“உங்க இஷ்டம்.”

பத்து வருடக் குடித்தனத்தில் அவன் கேட்டதிலேயே ஆபத்தான இரண்டு சொற்கள். “உங்கம்மாவைத்தான்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வைஜெயந்தி தட்டு வைத்துச் சோறு போட்டாள். சோற்றின் மேல் வறுத்த மீன் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது, அதுவும் முள்ளில்லாத நடுத்துண்டு. ஆனாலும் எங்கோ குத்தியது.

நாலரை மணிக்கு கம்பெனி ஆபீசில் பேனாவைத் திறந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்த அம்மாவே கண்ணுக்குள் நின்றாள். பிளான் ஏ கட்டத்தில் டிக் போட்டான். அத்தைக்கு வேறு வழி பார்க்கலாம். வைஜெயந்தியிடம் நல்ல நாள் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஜென்மத்தில் அப்படி ஒரு நாள் வராது என்று தெரிந்தே ஃபார்மை நீட்டினான்.

ஆபீஸ் பெண் வினோதினி கம்ப்யூட்டரில் அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள்.

“என்ன வினோ?”

“அமராவதி அம்மா பேரு ஏற மாட்டேங்குது அண்ணே. ஏற்கெனவே இருக்குதாம்.”

“எப்படி இருக்கும்? வீட்டுக்கு ஒரு ஃபார்ம்தானே?”

“வீட்டுக்கு ஒண்ணா? ஆளுக்கு ஒண்ணு அண்ணே!” வினோதினி சிரித்தாள். “அண்ணி போன வாரமே மாமியார் கட்டத்துல டிக் போட்டுக் குடுத்துட்டாங்க. ‘எங்கம்மாவை அவரு பார்த்துக்குவாரு’ன்னாங்களே!”