பூஜைக்குப் போன மாட்டு வைத்தியம்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. எம்.டி. கொடுத்த புத்தகத்தை எம்.டி.யிடமே திருப்பிக் கொடுப்பது.

இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மஸ்கட்டில் மாரடித்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் பெங்களூர் திரும்பியிருந்தேன். ஈஜிபுராவில் வாடகை வீடு. பொம்மசந்திராவில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை. அதுவும் புரொபேஷன்! தலை நரைத்தவனை ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். அந்த மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக இருந்தார்கள். மகள் பத்தாவது. வேலை போனால் மறுபடியும் மஸ்கட்.

எம்.டி. மல்ஹோத்ரா வடக்கத்திக்காரர். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. வியாபார வியூகம் பற்றிய ஒரு தடிமனான அமெரிக்கப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "படிச்சிட்டு வாங்க, பேசலாம்" என்றிருந்தார். பார்க்கும்போதெல்லாம் "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்பார். "பாதி சார்" என்பேன். உண்மையில் படித்திருந்தது பின்னட்டையை மட்டும்தான்.

ஏனென்றால் நான் அப்போது வேறொன்று படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவனுக்கு வரும் வியாதி எனக்கும் வந்திருந்தது: பழைய தமிழ் நூல்களின் மறுபதிப்பு. அவென்யூ ரோட்டில் வாங்கியது, நூறு வருஷத்துக்கு முந்தைய மாட்டு வைத்தியம். பழைய பிரதியை அப்படியே படமெடுத்து அச்சிட்டிருந்தார்கள். எவ்வளவு 'அப்படியே' என்றால், புழு அரித்த ஓட்டைகள்கூடக் கறுப்புக் கறுப்பாக விழுந்திருந்தன. என்னிடம் மாடு கிடையாது. இருந்தாலும் படித்தேன்.

இரண்டுக்கும் பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டிருந்தேன். எட்டாவது வரை தமிழில் படித்தேன், அப்புறம் இங்கிலீஷில். இரண்டு பள்ளிக்கூடமும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தது இந்த அட்டை போடுவதை மட்டும்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எம்.டி. கூப்பிட்டார். (அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் சொல்கிறேன்.)

"நாளைக்கு லேத்துக்காரன் லேத்துக்குப் பூஜை பண்றான். டிரைவர் வண்டிக்குப் பண்றான். என்னோட ஆயுதம் அந்தப் புத்தகம். ஒன்பது மணிக்குக் கொண்டு வந்துடுங்க."

"கண்டிப்பா சார்!"

மறுநாள் காலை, குளித்து முடித்துப் புத்தகத்தைத் தேடினேன். அலமாரியில் இல்லை.

"வசந்தி, அந்த ஆபீஸ் புக்கு எங்கே?"

"பூஜையில வெச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். மகளின் கணக்குப் புத்தகம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் அடுக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அஸ்திவாரமாக எம்.டி.யின் புத்தகம். அடுக்குக்கு மேலே சரஸ்வதி படம்.

"அதை ஏம்மா அடியில வெச்சே?"

"அதுதான் தடியா, ஆடாம இருந்துச்சு."

"எடுத்துக்கறேனே..."

"ஐயோ! கை வெக்காதீங்க! நாளைக்குப் புனர்பூஜை ஆகாம எடுக்கக் கூடாது. புள்ளைக்குப் பப்ளிக் பரீட்சை வருது, ஞாபகம் இருக்கா?"

"எனக்கு வேலை போயிடும்டி."

"சரஸ்வதியைச் சாய்ச்சா எல்லாமே போயிடும்."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்த வியூகமும் தெரியவில்லை. புத்தகத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

அப்போதுதான் கட்டில்மேல் மாட்டு வைத்தியம் கண்ணில் பட்டது. அதே பிரவுன் அட்டை. கிட்டத்தட்ட அதே தடிமன்.

"இதை மட்டும் ஏன் பூஜையில வெக்கல?"

"மாட்டு வைத்தியத்தையா? நீங்க டாக்டரா, மாடா?"

பூஜையில் வைத்த புத்தகத்தை எவன் திறக்கப்போகிறான் என்று நினைத்தேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன். ஓசூர் ரோடு முழுக்க வாழைக்கன்று கட்டிய லாரிகள்.

ஃபேக்டரியில் கோலாகலம். லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, ஃபோர்க்லிஃப்டுக்கு எலுமிச்சம்பழம். எம்.டி. மேஜையிலிருந்த பொருள்களையும் பையன்கள் விட்டுவைக்கவில்லை. கால்குலேட்டர், ஸ்டேப்ளர், அவருடைய மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிச் சந்தனம் அப்பியிருந்தார்கள். கண்ணாடியின் இரண்டு சில்லிலும் நட்டநடுவில் குங்குமம்!

என் புத்தகமும் தட்டில் ஏறியது. பட்டர் பூ போட்டார். மங்களாரத்தி ஆனது. வாசலில் பூசணிக்காய் உடைந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

லேத் ஆபரேட்டர் செபாஸ்டின் போய் மெஷினை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். விவேக் நகர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச், ஆயுத பூஜையில் முதல் ஆள். எல்லோரும் கை தட்டினார்கள்.

எம்.டி.க்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"மெஷினை ஒரு சுற்று ஓட்டினா, புத்தகத்தையும் ஒரு பத்தி படிக்கணும் இல்லையா? நீங்க படிங்க. இவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க."

"சார், பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது சார். சாஸ்திரம்!"

பட்டர் குறுக்கே வந்தார். "பரவாயில்ல சார், மங்களாரத்தி ஆயிடுச்சு. ஃபேக்டரியில எல்லாம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். தாராளமா எடுங்க."

என் வீட்டில் மட்டும்தான் சாஸ்திரம் அவ்வளவு கறாராக இருக்கிறது.

எடுத்தேன். திறந்தேன். முழுப் பக்கத்துக்கு ஒரு எருது நின்றுகொண்டிருந்தது.

எம்.டி. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல வேளை, அவருடைய கண்ணாடி தட்டில் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தது.

"என்ன அது, சார்ட்டா?"

"ஆமா சார்." சட்டென்று பக்கத்தைத் திருப்பினேன்.

வியூகப் புத்தகத்தில் ஒரு வரியாவது தெரிந்திருந்தால் எடுத்துவிட்டிருப்பேன். தெரியாது. அதனால் கண்ணெதிரே இருந்ததையே படித்தேன். மாடு என்ற இடத்தில் மட்டும் கம்பெனியைப் போட்டுக்கொண்டேன்.

"கம்பெனி திடீர்னு படுத்துக்கிட்டா, அடிக்கக் கூடாது. முதல்ல கழுத்தைப் பாக்கணும். நுகத்தடி எங்கே அழுத்துதுன்னு தடவிப் பாக்கணும்."

செபாஸ்டின் கண்களை விரித்தார். "சக்கத்தா, சூப்பரா சொல்லியிருக்கான் சார்! யார் சார் எழுதினது?"

"அமெரிக்காக்காரர்."

"அமெரிக்காக்காரனுக்கு நம்ம கழுத்து எப்படி சார் தெரிஞ்சுது?"

கூட்டம் நெருங்கி வந்தது. என் குரலும் கொஞ்சம் ஏறியது. ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

"அப்பவும் எழுந்திருக்கலேன்னா, அதுக்கு உடனே..."

நின்றுவிட்டேன். அந்த இடத்தில் ஓட்டை! நூறு வருஷத்துக்கு முந்தைய புழு ஒன்று மருந்தின் பெயரைத் தின்றிருந்தது. அதற்கப்புறம், "கொடுக்க, மறுநாளே எழுந்து நிற்கும்" என்று தெளிவாக இருந்தது.

"உடனே என்ன சார் கொடுக்கணும்?" என்றார் செபாஸ்டின்.

மொத்த ஷிஃப்டும் என் வாயையே பார்த்தது. தீபாவளி வருகிறது. இந்த வருஷம் போனஸ் உண்டா இல்லையா என்று கேன்டீனில் ஒரு மாதமாக இதே பேச்சு. எம்.டி. வாயே திறக்கவில்லை. தினமும் காதில் விழுந்த வார்த்தை அது ஒன்றுதான்.

"போனஸ்!" என்றேன்.

ஐயோ, அந்த விசில்! ஒருவன் பறையடிக்கிற மாதிரி டிரம்மைத் தட்டினான். லேத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றி எம்.டி. கழுத்தில் போட்டார்கள். அவருக்கு நான் பேசியதில் புரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார்.

பட்டர் விடவில்லை, அரைகுறை இங்கிலீஷில் எம்.டி.யிடமே சொன்னார். "ஆரத்தி முன்னாடி தலையாட்டினா, அது வாக்கு சார்."

அந்தச் சந்தடியில் மாட்டு வைத்தியத்தை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவிவிட்டேன்.

லீவு முடிந்து ஃபேக்டரி திறந்த அன்று, காலையிலேயே இரண்டு புத்தகங்களோடும் போய் நின்றேன். இனிமேல் பொய் சொல்ல மூளையில் இடமில்லை. எம்.டி. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"போனஸ் எந்தச் சாப்டர்ல வருது? நான் இந்தப் புத்தகத்தை மூணு தடவை படிச்சவன்."

மாட்டு வைத்தியத்தைத் திறந்து நீட்டினேன். அந்த எருதை ரொம்ப நேரம் பார்த்தார். எருதும் அவரைப் பார்த்தது.

"இது என்ன?"

"மாடு சார்."

"போனஸ் எங்கே?"

பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தேன். "இந்த இடத்துல ஏதோ இருந்திருக்கணும் சார். புழு தின்னுடுச்சு."

அவர் அந்தக் கறுப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஓட்டையே இல்லையே?"

"ஓட்டை அசல்ல சார். இது மறுபதிப்பு."

சிரித்தாரா இருமினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தன் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அட்டையில் ஒட்டியிருந்த அட்சதையைத் தட்டிவிட்டார். ஆரத்தி முன் கொடுத்த வாக்காம், அதை மீற மாட்டாராம். என் புரொபேஷன் மட்டும் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. "நீங்க படிக்கிற விதத்தை இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்" என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் செபாஸ்டின் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "எல்லாம் உங்க புக்கு மகிமை சார்! உங்களுக்கும் போனஸ் வந்துடுச்சுல்ல?"

புரொபேஷனில் இருப்பவர்களுக்குக் கிடையாதாம்.

அந்த ஓட்டையில் 'வேலை நிரந்தரம்' என்று படித்திருக்கலாம்.