கோப்புப்படி அது குளம்

எங்கள் நில வரைபடத் துறைக்கு நாற்பது கைபேசிகள் வந்து இறங்கிய அன்று, அவற்றோடு நேர்மையும் வந்து சேர்ந்துவிட்டதாக இயக்குநர் அறிவித்தார். அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் துறையில் கேட்கிற வழக்கம் இல்லை.

நான் அங்கே போன் பராமரிப்புப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும். புது போனின் மகிமையை எல்லோருக்கும் விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விஷயம் எளிதுதான். போனை இயக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை எண் உண்டு. கோப்பில் உள்ள அத்தனை எழுத்துகளையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுத்த எண் அது. ஆன் செய்யும்போதெல்லாம் போன் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும். பொருந்தினால் திரையில் பச்சை டிக். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் எங்கேயோ போய்விடும், சிவப்புத் திரை வரும், போன் எழுந்திருக்காது. யாராவது திருட்டுத்தனமாகக் கை வைத்தால் கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு.

இயக்குநர் இரண்டு தடவை ஆன் செய்து பார்த்தார். இரண்டு தடவையும் பச்சை.

"அப்போ இதுல இருக்கிறதெல்லாம் உண்மை?"

"மாத்தப்படலைன்னு அர்த்தம் சார். உண்மையா பொய்யான்னு போனுக்குத் தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா."

கூட்டமே தலையாட்டியது. நானும் ஆட்டி வைத்தேன். அன்று மாலையே நகர வரைபடத்தையும் முத்திரைக் கோப்புகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன்.

ஒரே மாதத்தில் பச்சை டிக் ஒரு நாகரிகமாகிவிட்டது. ஊழியர்கள் சட்டையில் டிக் குத்திக்கொண்டார்கள். எதிர்ப்புற சலூனில் 'முகம் மாறாமல் முடி வெட்டப்படும்' என்று போர்டு வைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அலுவலக வாசலில் ஒரு போனை மாட்டி, உள்ளே வருபவர் முகத்தையும் சரிபார்க்கத் தொடங்கியிருந்தோம். மீசையை எடுத்துவிட்டு வந்த ஒரு குமாஸ்தா, அது மறுபடி முளைக்கும் வரை ஒன்பது நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்பது நாளும் 'ஊழியர் தம்மைத் தாமே அனுமதியின்றித் திருத்திக்கொண்ட காலம்' என்று வருகைப் பதிவேட்டில் ஏறியது.

இந்த நிலையில்தான் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் தையல்கார அக்கா வீட்டுக்குக் கள ஆய்வாளர் போனார். கையில் போன், போனில் வரைபடம். வரைபடத்தில் அந்த இடம் குளம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து ஏற்றும்போது வீட்டுக்கு அடுத்த வரியில் குளம் இருந்திருக்கிறது, யாரோ ஒருவர் விரல் ஒரு வரி சறுக்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

"ஏம்மா, தண்ணி எங்கே?"

"குடிக்கவா சார்?"

"இல்லம்மா. குளத்துத் தண்ணி."

அக்கா மிஷினை நிறுத்தினார். ஆய்வாளர் குனிந்து மிஷினுக்கு அடியிலும் பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. 'மேற்படி இடத்தில் அமைதியாக இருந்து வந்த குளத்தைத் துறையின் முன் அனுமதி பெறாமல் வீடாக மாற்றியமைத்தது ஆய்வில் தெரியவருகிறது. முப்பது நாட்களுக்குள் குளத்தை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவராவிட்டால், துறையே கொண்டுவரும்.' கொண்டுவருவது என்றால் இடித்துவிட்டுத் தோண்டுவது. புருஷன் போன பிறகு அக்காவுக்கும் பள்ளிக்கூடம் போகிற மகளுக்கும் அந்த வீட்டையும் மிஷினையும் விட்டால் வேறு கதி இல்லை. அந்த வரைபடத்தைப் போனுக்குள் வைத்துப் பூட்டியவன் நான்தானே.

அக்காவை இயக்குநரிடம் நானே கூட்டிப்போனேன்.

"ஐயா, இருபத்திரண்டு வருஷமா அங்கதான் குடியிருக்கேன்."

"கோப்பு அப்படிச் சொல்லலையேம்மா."

"கோப்பு தப்பு ஐயா."

இயக்குநர் கோபப்படவில்லை. போனை அணைத்து ஆன் செய்து, பச்சை டிக்கை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்கேம்மா தப்பு? ஒரு எழுத்து மாறலை. உங்க வீட்டை இப்படி ஆன் பண்ணிக் காட்ட முடியுமா?"

"வீட்டை எப்படி ஐயா ஆன் பண்றது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நான் குறுக்கே புகுந்தேன். "சார், கோப்பைத் திருத்திப் புது முத்திரை போட்டுடலாம். அரை நாள் வேலை."

"திருத்தினா அது திருத்தப்பட்ட கோப்பு. திருத்தப்பட்ட கோப்பைப் பிடிக்கத்தானே இந்த போனை வாங்கினோம்?"

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

அக்கா போன் திரையை எட்டிப் பார்த்தார். அளவெடுத்தே பழகிய மனுஷி. "ஐயா, குளத்துக்கு எவ்வளவு ஆழம்னு போட்டிருக்கு?"

இயக்குநர் திரையைப் பார்த்தார். "ஆழம் போடலை."

"நீளம், அகலம்?"

"அதுவும் இல்லை."

"சரிங்க ஐயா. குளத்தைக் கொண்டுவந்துடறேன்."

மறுநாள் துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு மீன். ஆய்வாளர் வந்து படம் எடுத்துக்கொண்டு பதிவு செய்தார்: 'குளம் உள்ளது. நீர் உள்ளது. மீன் இரண்டு. கரையோரமாகச் சிறிய அளவில் தையல் வேலை நடைபெறுகிறது.' நோட்டீஸ் ரத்தானது.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. அவரவர் வீடு கோப்பில் என்னவாக இருக்கிறது என்று ஆளாளுக்கு என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள். சறுக்கிய விரல் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. மருந்துக்கடை மாட்டுத்தொழுவமாக இருந்தது. மாட்டுக்கு இடமில்லாததால் ஓர் ஆட்டைக் கட்டி, அது வளரும் என்று எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு பேருந்து நிறுத்தம். அவர் வாசலில் போர்டும் பெஞ்சும் போட்டார். இரண்டே நாளில் ஜனங்கள் அங்கே வந்து நிற்கத் தொடங்கி, பஸ் ஏன் வரவில்லை என்று வாத்தியாரைத் திட்டினார்கள். பல் டாக்டர் வீடு விளையாட்டு மைதானம். நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒரு பந்தைப் போட்டு வைத்தார். காத்திருந்த நேரத்தில் சிலர் உதைக்கவும் செய்தார்கள்.

எங்கள் தெரு நூற்றுக்கு நூறு பொருந்துவதாக இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். கோப்பு எப்போதும் சரியாகத்தான் இருந்தது என்றும், ஊர்தான் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வருகிறது என்றும் அதில் எழுதியிருந்தது.

அக்காவுக்கு மட்டும் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் முகவரிச் சான்று கேட்டிருக்கிறார்கள். துறை கொடுத்த சான்றில் 'குளத்தில் வசிப்பவர்' என்று இருந்தது. வகுப்பில் மகளைத் தவளை என்று கூப்பிடுகிறார்களாம். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

"நான் பொய்ல குடியிருக்கேன் தம்பி. எம் பொண்ணாவது வீட்ல குடியிருக்கட்டும். எங்க எழுதணுமோ எழுதிக் கொடு."

மேலிடத்துக்கு நான் எழுதிக் கொடுத்தேன், அக்கா கையெழுத்துப் போட்டார். பதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் வந்தது. அதோடு பறக்கும் கேமராவும் வந்து, இரண்டு நாள் தெருவுக்கு மேல் வட்டமடித்து, விரற்கடை பிசகாமல் அளந்துகொண்டு போனது. மேலிடமே புது வரைபடம் தயாரித்து, புது முத்திரை போட்டு அனுப்பியது. ஏற்றினேன். நாற்பது போனிலும் பச்சை. தெருக்கோடியில் அக்கா வீடு வீடாகவே இருந்தது. அக்கா அழுதேவிட்டார். என் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானை நிற்க வைத்தே தைத்துவிட்டார். அன்று நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள் நோட்டீஸ்கள் வந்தன. தெருவில் நாற்பத்தொரு வீடு, முப்பத்தெட்டு நோட்டீஸ். புதுக் கோப்பு உண்மையை மட்டுமே சொல்லியது. வாத்தியார் வீட்டுப் படிக்கட்டு சாக்கடைக்கு மேல் நிற்கிறது. மருந்துக்கடை ஷட்டர் நடைபாதைக்குள் இருக்கிறது. டாக்டரின் மாடி பக்கத்து மனையின் மேல் சாய்ந்திருக்கிறது. அக்கா மிஷின் போட்டிருக்கும் தகரக் கொட்டகை முழுசாகத் தெருவில் இருக்கிறது. அடுத்த தெரு முனையில் கேமராவில் சிக்கிய இயக்குநர் வீட்டு மதில் ஒரு தெருவிளக்கையே உள்ளே வளைத்துப் போட்டிருக்கிறது. அதற்கும் நோட்டீஸ், அவரே கையெழுத்திட்டு அவருக்கே அனுப்பியது.

அன்று சாயங்காலம் தெரு முழுக்க வாத்தியார் வீட்டு பெஞ்சைச் சுற்றிக் கூடியது. பழைய கோப்பையே திரும்ப ஏற்ற வேண்டும் என்று மனு தயாரானது. இயக்குநர் தாமே வந்து மனுவை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "கோப்பை மாத்தக் கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்று செய்தியும் கூடவே வந்தது.

மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது. பேனாவை அவரே என்னிடம் நீட்டினார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. "அக்கா, அது பொய்னு அலையாய் அலைஞ்சது நீங்கதானே?"

"ஆமா தம்பி. அது என்னைப் பத்தின பொய். ஒரு தொட்டி வெச்சுச் சமாளிச்சேன். இது என்னைப் பத்தின உண்மை. இதை எதை வெச்சுச் சமாளிக்கிறது?"

"பொண்ணு?"

"அவகிட்ட கேட்டுட்டேன். கொட்டகை போனா சோறு போயிடும்னு அவளுக்கும் தெரியுது. தவளைன்னே கூப்பிடட்டும்மாங்கிறா."

பேனாவை வாங்கி முப்பத்தெட்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டுக் குளியலறை சந்துக்குள் இரண்டடி நிற்கிறது.