மூன்றாம் மாத டோக்கன்

“எத்தனை மாசம் சார்?” என்று கேட்டாள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த ரேணுகா.

உதயகுமார் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “இன்னும் ஆகல மேடம். ஆகறதுக்கு முன்னாடியே நல்ல டாக்டரா பார்த்து வச்சிக்கலாம்னு...” என்று இழுத்தான்.

“ஆகாதவங்களுக்கு டோக்கன் கிடையாது சார். தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது.”

ஆள் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த கிளினிக்கில் நாற்காலி நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, செருப்பு விடும் இடத்தில்கூட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் தேடி வருகிற டாக்டர் வசந்தகுமாரியை, போயும் போயும் ஓர் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக இழப்பதா?

“மூணு மாசம்,” என்றான்.

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? மாசம் ஒரு சனிக்கிழமை நேர்ல வந்து முகத்தைக் காட்டணும். வரலைன்னா டோக்கன் அடுத்தவங்களுக்குப் போயிடும். பொண்ணோட அம்மா நம்பர் சொல்லுங்க, அவசரத்துக்கு.”

மாமியாரின் நம்பரைச் சொல்லி டோக்கனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அந்த நேரத்தில் அவன் மனைவி தீபிகா, தான் மூன்று மாதக் கர்ப்பிணி ஆகிவிட்ட சேதி தெரியாமல், ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

உதயகுமார் கெட்டவன் இல்லை. ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகன். அவ்வளவுதான் அவன் குறை. நல்லதாக ஒரு மிக்ஸி வாங்க அவன் கடை கடையாக ஏறி இறங்கிய காலம் முழுவதும், தீபிகா பக்கத்து வீட்டு ஜுபைதா அக்காவின் மிக்ஸியில்தான் சட்னி அரைத்தாள். சில மாதங்களுக்கு முன், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று அவள் ஆசையாகச் சொன்னபோதும் அவன் அதே முகத்தோடு, “முதல்ல டாக்டர். அப்புறம்தான் குழந்தை,” என்று சொல்லிவிட்டான்.

அதன்பின் டாக்டர்களுக்குச் சோதனைக் காலம் ஆரம்பித்தது. அம்பத்தூர் டாக்டரின் சுவர்க் கடிகாரம் பின்தங்கி ஓடியது. கடிகாரத்தையே பார்க்காதவர் கர்ப்பத்தை எப்படிப் பார்ப்பார்? தள்ளுபடி. பூந்தமல்லி டாக்டர் ரொம்பச் சிரித்தார். சிரிக்கிற டாக்டருக்குப் படிப்பு குறைவாக இருக்கும் என்பது உதயகுமாரின் கண்டுபிடிப்பு. ஐயப்பன்தாங்கல் டாக்டர் செய்த தவறுக்கு மன்னிப்பே கிடையாது. இவன் போனவுடன், “உள்ள வாங்க,” என்று கூப்பிட்டுவிட்டார்.

“உடனே பார்க்கிற டாக்டரை எப்படிம்மா நம்பறது?” என்றான் தீபிகாவிடம்.

கடைசியில் வழி காட்டியவர் கூட வேலை செய்யும் கஜபதி.

“இன்னா மச்சான், டாக்டராண்ட போவணுமா? வசந்தகுமாரி டாக்டரம்மாவாண்ட போ. கூட்டம் சும்மா அள்ளுது. ஆனா மாசமானப்பறம் போனேன்னு வச்சிக்கோ, கொயந்தைக்கு மொட்ட அடிக்கச் சொல்லோதான் டோக்கன் கெடைக்கும்.”

“உங்க வீட்ல அங்கதான் பார்த்தீங்களா அண்ணே?”

“நமக்கு எங்க மாமே கெடைச்சுது? கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலதான் சேத்தேன். ரெண்டும் சிங்கக்குட்டி மாரி கீது.”

இரண்டு சிங்கக்குட்டிகளைப் பற்றிய தகவல் உதயகுமாரின் காதில் ஏறவில்லை. டோக்கன் கிடைக்கவில்லை என்பது மட்டும் ஏறியது. ஒரு டாக்டருக்கு இதைவிட வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

அன்று வீட்டுக்கு வந்து டோக்கனை நீட்டியபோது தீபிகா முதலில் சிரித்தாள். பிறகு, “சரி, டோக்கன் வந்தாச்சு. இனிமே ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

“இரு இரு. முதல்ல டாக்டரைப் பார்த்து, ரத்தம் கித்தம் டெஸ்ட் பண்ணி, மாத்திரை எழுதி வாங்கிட்டு...”

“டாக்டர்கிட்ட போனா நான் கர்ப்பமில்லைன்னு தெரிஞ்சிடாதா?”

“தெரிஞ்சிடும்.”

“அப்போ கர்ப்பமாகாம டாக்டரைப் பார்க்க முடியாது.”

“முடியாது.”

“டாக்டரைப் பார்க்காம நீங்க கர்ப்பமாக விடமாட்டீங்க.”

உதயகுமார் யோசித்தான். தொழிற்சாலையில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். வீட்டில் மேலதிகாரி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு மாசம் பொறு. எதுனா வழி பண்றேன்,” என்றான்.

வழியை கிளினிக்கே பண்ணியது. அடுத்த வாரம் குடியாத்தத்தில் அவன் மாமியாரின் செல்போன் அடித்தது. “உங்கள் மகளுக்கு நான்காம் மாதம் தொடங்குகிறது, வாழ்த்துகள்,” என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மறுநாள் காலையில் மாமியார் இரண்டு பை மாங்காய், ஒரு தூக்கு எள்ளுருண்டை, அடக்க முடியாத அழுகை ஆகியவற்றோடு வாசலில் நின்றார்.

“பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணலையாடி உனக்கு? யாரோ ஒருத்தி போன் பண்ணித்தான் எனக்குத் தெரியணுமா?”

தீபிகா கணவனைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் உண்மை வெளியே போனால் டோக்கன் போய்விடுமே!

“அத்தை, டாக்டரம்மாதான் யாருக்கும் சொல்ல வேணாம்னாங்க. கண்ணு பட்டுடுமாம்,” என்றான் உதயகுமார்.

“நான் எதுக்கு மாப்ள சொல்லப் போறேன்?” என்றார் மாமியார். அன்று பொழுது சாய்வதற்குள் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக் காவலாளி வரைக்கும் எல்லாரும் உதயகுமாருக்குக் கை கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தீபிகாவின் கையில் குடத்தைக் கொடுப்பார் இல்லை. ஸ்கூட்டர் சாவியை மாமியார் தன் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜுபைதா அக்கா வெள்ளிக்கிழமைதோறும் நெய்ச்சோறு கொடுத்தனுப்பினார். தொழிற்சாலையில் கஜபதி தானாகவே போய்ப் பேசி, உதயகுமாருக்கு நைட் ஷிப்ட் வராமல் பார்த்துக்கொண்டார். “அப்பன் ஆவப் போற, ஊட்ல இரு மச்சான்,” என்று அவர் முதுகில் தட்டும்போதெல்லாம் உதயகுமாருக்கு முதுகு கூசியது. ஆனாலும் வீட்டுக்குப் போய்விடுவான்.

ஐந்தாம் மாதக் கணக்கில் மாமியாருக்குச் சந்தேகம் வந்தது.

“ஏன் மாப்ள, வயிறே தெரியலையே?”

“குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்காம் அத்தை,” என்றான் இவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

அவ்வளவுதான். காலையில் பாதாம் பால், பதினோரு மணிக்குக் கேழ்வரகுக் களி, மதியம் ஆட்டு ஈரல், சாயங்காலம் எள்ளுருண்டை, இடையிடையே ஜுபைதா அக்காவின் நெய்ச்சோறு. தீபிகா மறுத்தால் மாமியார் கண்ணைக் கசக்கினார். இரண்டே மாதத்தில், எந்த டாக்டரின் உதவியும் இல்லாமல், தீபிகாவுக்கு ஏழாம் மாதத் தோற்றம் வந்துவிட்டது.

இதற்கிடையே உதயகுமார் மாதம் தவறாமல் கிளினிக்குக்குத் தனியாகப் போய் முகத்தைக் காட்டினான். “மனைவிக்கு மயக்கம்”, “மனைவி அம்மா வீட்டில்” என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் ரேணுகா தலையாட்டிவிடுவாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வருவான். பார்க்கப் பார்க்க டாக்டர் மேல் அவனுக்கு மரியாதை கூடியது. அந்த அறையிலிருந்து யாரும் வெளியே வருவதே இல்லை. ஒரு நோயாளியை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்கிறார் போலிருக்கிறது. என்ன பொறுமை!

வந்திருந்தவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. ரேணுகா பெயரைக் கூப்பிட்டால், “நாங்க மெதுவா போறோம், அவங்க போகட்டும்,” என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள், “பரவால்ல, நீங்க போங்க,” என்பார்கள். யாருக்காவது போன் வரும். பேசிக்கொண்டே வெளியே போனவர்கள் திரும்ப மாட்டார்கள். ரேஷன் கடை முதல் ரயில் டிக்கெட் வரை இந்த ஊரில் வரிசையில் விட்டுக்கொடுக்கும் மனிதர்களை உதயகுமார் கண்டதில்லை. தாய்மை மனிதர்களை எப்படி மாற்றிவிடுகிறது என்று நெகிழ்ந்து போனான்.

பக்கத்தில் உட்காரும் திருமழிசை ரவிச்சந்திரன் மட்டும் அவனைக் கொஞ்சம் குழப்பினான். போன தடவை மனைவிக்கு எட்டு மாதம் என்றவன், இந்தத் தடவை ஆறு என்றான். வேலைப் பளுவாக இருக்கும் என்று உதயகுமார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மாமியார் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார். குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடம், ஏழு வகை சாதம், குடியாத்தத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். கண்ணாடி வளையல் மட்டும் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

அன்று தீபிகா அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பச்சையும் சிவப்புமாக வளையல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். உதயகுமார் அறைக்குள் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“என்னாச்சு? எள்ளுருண்டை ஒத்துக்கலையா?”

“இதை நான் போட்டுக்க மாட்டேங்க,” என்றாள் தீபிகா. “எனக்கு நிஜமாவே ஒரு குழந்தை வேணும். நிஜமா வாந்தி எடுக்கணும், நிஜமா கால் வீங்கணும். இல்லாத குழந்தைக்கு எல்லாரும் என் கன்னத்துல சந்தனம் பூசினா என்னால தாங்க முடியாது. டாக்டர் தேட ஆரம்பிச்சதுலேருந்து ஏழு மாசத்தை வீணடிச்சிட்டோம். ஒழுங்கா இருந்திருந்தா இந்நேரம் இது உண்மையாவே நடந்திருக்கும்.”

வாழ்க்கையில் முதல் முறையாக, தான் பரிசோதித்த சாமான்கள் எல்லாவற்றையும்விடத் தரம் குறைந்தது தான்தான் என்று உதயகுமாருக்குத் தோன்றியது. மனசு உண்மையிலேயே வலித்தது.

“சனிக்கிழமை போய் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அத்தைகிட்டயும் சொல்லிடறேன்,” என்றான். “ஆனா கால்ல விழுந்தாவது டோக்கனை மட்டும் காப்பாத்திக்கறேன்.”

“இன்னும் அந்த டோக்கனா?”

“உனக்குக் குழந்தைன்னா அந்த டாக்டர் கையாலதான் பொறக்கணும் தீபிகா. உனக்கு எதுனா ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பயமா இருக்கு எனக்கு.”

அவன் இத்தனை நாள் சொல்லாமல் விட்டது அதுதான். தீபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டே தீருவேன் என்று மாமியாரும் கூட வந்துவிட்டார். வழியில் அவரிடம் உண்மையைச் சொல்ல உதயகுமார் மூன்று தடவை வாயைத் திறந்தான். மூன்று தடவையும் அவர் அதில் எள்ளுருண்டையைத் திணித்தார்.

கூடம் வழக்கம்போல் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் ரேணுகா நிமிர்ந்து, “அட, மேடமே வந்துட்டாங்களே! நீங்களே போங்கம்மா,” என்றாள்.

“இல்ல, அவங்க முன்னாடியே வந்திருக்காங்க,” என்று உதயகுமார் ரவிச்சந்திரனைக் காட்டினான்.

“ஐயோ, நீங்க போங்க சார்!” என்று ரவிச்சந்திரன் மனைவியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அடுத்த நாற்காலிக்காரருக்குப் போன் வந்தது. அதற்கடுத்தவருக்கும் வந்தது.

“என்ன மாப்ள இது? கூப்பிடறாங்க, போக வேண்டியதுதானே!” என்று மாமியார் மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

தீபிகா அசையவில்லை. கூடம் முழுவதும் கேட்கும்படி, “நான் கர்ப்பமே இல்லம்மா! டோக்கனுக்காகப் பொய் சொல்லிட்டோம்,” என்றாள்.

மாமியார் கையிலிருந்த பை நழுவி, எள்ளுருண்டைகள் நாலாபக்கமும் ஓடின. உதயகுமார் கண்ணை மூடிக்கொண்டான். இப்போது கூச்சல் கிளம்பும், நிஜக் கர்ப்பிணிகள் எல்லாரும் சேர்ந்து தன்னை அடித்து விரட்டுவார்கள் என்று காத்திருந்தான்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்து தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவிச்சந்திரனின் மனைவி முந்தானைக்குள் கைவிட்டு ஒரு சின்னத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அப்போது டாக்டரின் அறைக் கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. டாக்டர் வசந்தகுமாரி மட்டும் வெளியே வந்து, நிரம்பி வழிந்த கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கெஞ்சாத குறையாகக் கேட்டார்:

“உங்கள்ல ஒருத்தராவது நிஜமாவே மாசமா இருக்கீங்களாம்மா? நான் ஒரு பிரசவம் பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சு!”