அமலதாஸின் காரும் சூட்டு முள்ளும்

அடிவாரத்தில் டாங்கியை நிரப்பிக்கொண்டு கடுகண்ணாவை வளைவில் ஏறும்போதே, எஞ்சின் சூட்டைக் காட்டும் சூட்டு முள் சிவப்புக் கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அமலதாஸ் காரை ஓரம் கட்டினார்.

"பாத்தியா டொரதி, கொதிக்குது."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி டொரதி, கையில் பிடித்திருந்த செபமாலையைப் பைக்குள் போட்டாள். முன்பெல்லாம் இந்த வளைவுகளில் அமலதாஸ் பஸ்ஸை முந்துவார், லொறியை முந்துவார். வீடு போய்ச் சேரும்வரை செபமாலை அவள் கையை விட்டு இறங்காது. இப்போது பால்காரனின் சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது.

அமலதாஸ் பொனட்டைத் திறந்தார். ஆவி இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினார். முள் பழைய இடத்துக்கே போய் நின்றது.

"சூடு உள்ளுக்க ஒளிஞ்சிருக்கு" என்றார் தீர்மானமாக.

அமலதாஸ் கண்டி ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையான குட்செட்டில் மூட்டை சுமக்கத் தொடங்கி, மூட்டை சுமப்பவர்களுக்குக் கங்காணி ஆனவர். இந்தப் பழைய காரை அவர் வாங்கியது ஒரே ஒரு காரியத்துக்காக. அவருடைய கல்யாணத்துக்கு டொரதி சுண்ணாம்பு லொறியில் வந்து இறங்கினாள். சேலையைவிட முகம் வெளுத்திருந்தது. மகள் பெற்றீசியா அப்படி இறங்கக்கூடாது. நாவலப்பிட்டி கோயில் வாசலில் அப்பாவின் சொந்தக் காரில்தான் இறங்க வேண்டும். இதை அவர் குட்செட் முழுவதற்கும் சொல்லியிருந்தார். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இந்த முள் இப்படிக் கழுத்தை அறுத்தது.

திகன ஊர் மர்சூக்கிடம் காட்டலாமா என்று ஒருமுறை யோசித்தார். போன வாரம் டேஷ்போர்ட்டைக் கழற்றி பல்ப் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் அவன்தான். டொரதி வேண்டாம் என்றாள்.

"ஒங்களுக்குத் தெரியாததா? நீங்களே பாத்துருவீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் இப்படி ஒரு சொல் வந்ததில்லை. அமலதாஸ் அன்றைக்கே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதலில் ரேடியேட்டரைக் கழற்றிக் குழாயடியில் வைத்துக் கழுவினார். அந்த வாரம் முழுவதும் ஓட ஓட, முள் நாளுக்கு நாள் இறங்கியது. சந்தோஷத்தில் பேராதனை பெட்ரோல் செட்டுக்குப் போய் டாங்கி நிறைய அடித்தார். வெளியே வந்தால் முள் சிவப்பில் நின்றது.

அடுத்து, எஞ்சினுக்குள் தண்ணீரை அடைத்துத் திறக்கிற வால்வைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி ஒரு வாரம் முள் மெல்ல இறங்கியது, மறுபடி பெட்ரோல் அடித்தார், மறுபடி சிவப்பு. காற்றுப் போதவில்லை என்று முன்பக்கக் கம்பித் தட்டைக் கழற்றினார். கார் பல்செட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஆள் மாதிரி ஆயிற்று. அதுவும் போதாமல் பொனட்டுக்கு அடியில் ஒரு சிரட்டையைச் செருகிக் கொஞ்சம் திறந்தே வைத்தார். கம்பளையில் பெய்த மழை முழுக்க உள்ளே இறங்கி, கார் இருமிக்கொண்டே வீடு வந்தது.

பெற்றீசியா காரைச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்பா, பேசாம வேன்லயே போவமா?" என்றாள். ஆட்களை ஏற்றிப் போக மர்சூக்கின் வேனை ஏற்கெனவே பேசியிருந்தார்கள்.

"வேன்ல சனம் போகட்டும். பொண்ணு கார்ல போகும்" என்றார் அமலதாஸ்.

டொரதி மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. வளைவு வந்தால், "முள்ளப் பாருங்க" என்பாள். அவர் முள்ளைப் பார்ப்பார், கார் தானாக மெதுவாகும். வீட்டுக்கு வந்ததும் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுப்பாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் அமலதாஸுக்குப் புத்தி திறந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மற்றவர்கள் குழப்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் அடித்த உடனே அல்லவா முள் ஏறுகிறது? அப்படியென்றால் நிறைந்த டாங்கியின் பாரம்தான் எஞ்சினைக் கொதிக்க வைக்கிறது. மூட்டை சுமந்த முதுகுக்கு அது தெரியாதா? பாரத்தைக் குறைத்தால் சூடு குறையும். பெட்ரோல் அடிக்காமலே விட்டுவிட்டார். அதோடு, பெட்ரோல் முள்ளுக்கும் ஒரு குணம் இருந்தது. காலையில் சுருண்டு படுத்திருக்கும், கொஞ்சம் ஓடியதும் எழுந்து பாதியில் நிற்கும். வயதான வண்டி, அவரும் காலையில் அப்படித்தான்.

கல்யாணக் காலை. பெற்றீசியா வெள்ளை முக்காட்டோடு பின்னால் இருந்தாள், பக்கத்தில் டொரதி. மர்சூக்கின் வேன் உறவுக்காரர்களோடு பின்னால் வந்தது. கம்பளை தாண்டும்போது சூட்டு முள் அடிமட்டத்தில் கிடந்தது. இந்த ஒரு மாதத்தில் அது அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. பெட்ரோல் முள் பாதியில் கம்பீரமாக நின்றது. எல்லாம் சரி. இனிப் பயம் இல்லை. ஒரு பஸ்ஸை முந்தினார்.

"முள்ளப் பாருங்க" என்றாள் டொரதி.

"பாத்துட்டேன். ஐஸ் மாதிரி கெடக்கு."

இன்னொரு பஸ்ஸை முந்தினார். செபமாலை பையை விட்டு வெளியே வந்தது.

உலப்பனை ஏற்றத்தில் கார் இரண்டு முறை விக்கியது. பிறகு சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அவர் முந்தியிருந்த இரண்டு பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. கோயிலில் பாதர் காத்துக்கொண்டிருப்பார். பெற்றீசியா வேனைத் திரும்பிப் பார்த்தாள். அமலதாஸ் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு லொறி அவர் கண்முன்னால் வந்து நின்றது.

மர்சூக் இறங்கி வந்தான். சாலையோரத்தில் ஒரு குச்சியை முறித்து டாங்கிக்குள் விட்டு எடுத்துப் பார்த்தான். குச்சி காய்ந்தே வந்தது.

"அண்ணே, பெட்ரோல் ஒரு சொட்டும் இல்ல."

"பாதி டாங்கி இருக்குடா. முள்ளு காட்டுது" என்றார் அமலதாஸ்.

மர்சூக் வேனுக்கு ஓடினான். ஒரு கேன் பெட்ரோலைக் கொண்டு வந்து முழுவதையும் ஊற்றினான். அமலதாஸ் சாவியைத் திருப்பினார். கார் இருமிவிட்டு உயிர் பெற்றது. பெற்றீசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

ஆனால் அமலதாஸின் முகம் வெளிறியது. கார் ஓர் அடிகூட நகரவில்லை, சூட்டு முள் அடிமட்டத்திலிருந்து மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நிக்கிற வண்டி கொதிக்குதே மர்சூக்" என்றார்.

மர்சூக் ஜன்னல் வழியாக அந்த முள்ளைப் பார்த்தான். பிறகு பின் சீட்டில் செபமாலையை வேகமாக உருட்டிக்கொண்டிருந்த டொரதியைப் பார்த்தான்.

"என்ன அக்கா, அண்ணன் பயந்து மெதுவாப் போகட்டும்னு சூட்டு முள்ளு வயரையும் பெட்ரோல் முள்ளு வயரையும் மாத்திப் போடச் சொன்னீங்க, பெட்ரோல் எதுல பாக்கிறதுன்னு அவருக்கு இன்னும் சொல்லலியா?"